இடப்பக்க ஜன்னலோரம்

பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு எட்டு வருஷ அனுபவம் உண்டு. இடப்பக்கம், ஜன்னலோரம். அங்கே உட்கார்ந்தால் இடது கன்னம் ஜன்னல் பக்கம் போய்விடும். பக்கத்தில் வந்து உட்காருகிறவருக்கு வலது கன்னம்தான் தெரியும். என் வலது கன்னமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, ஆனால் இரண்டில் அது தேவலை. அந்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். ஆபீசில் தாமதத்துக்காக நான் வாங்கிய திட்டுகளில் முக்கால்வாசி அந்த ஜன்னலுக்காக வாங்கியதுதான்.

எங்கள் ஊர் திருவேட்டக்குடி. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன்கூடை சுமந்து கோட்டுச்சேரிப் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவள். நான் காரைக்காலில் பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் அலுவலகத்தில் கவுண்டரில் இருக்கிறேன். வயதானவர்கள் சிலர் இன்னும் எங்கள் அறையை ‘எத்தா சிவில்’ என்று பிரெஞ்சில்தான் கேட்டு வருவார்கள். இப்போது அந்தக் கவுண்டருக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது. முகத்தில் பருத் தழும்பு உள்ளவர்கள், பிள்ளைக்கு அப்படி இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள். “என்னம்மா செஞ்சே? எங்க காட்டினே? முழுசாப் போயிடுமா?” என்று கேட்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: போகாது. அதற்காக எழுந்து போய்விடாதீர்கள், சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.

எனக்குப் பத்தொன்பது வயது, பங்குனி மாதம். முகத்தில் அதற்கு முன்பே பரு இருந்தது. கூடப் படித்தவர்களுக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். திடீரென்று ஒரே வாரத்தில் அவை கட்டி கட்டியாக வீங்கின. கன்னம், தாடை, முதுகு, எங்கே தொட்டாலும் வலி. கூடவே காய்ச்சல். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அம்மை போட்டிருந்தது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா வந்துட்டா. முத்து போட்டிருக்கு” என்றாள்.

அம்மைக் கொப்புளத்தைக் கொப்புளம் என்று எங்கள் பக்கம் வாயால் சொல்ல மாட்டார்கள். அது முத்து. வந்திருப்பது நோய் அல்ல, மாரியம்மன். அவளாக இறங்கிப் போகும்வரை அவளுக்கு ஏற்றபடி வீடு நடந்துகொள்ள வேண்டும்.

வீடு நடந்துகொண்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். எனக்கு வேப்பிலைப் படுக்கை. அடுப்பில் தாளிப்புச் சத்தம் நின்றது. வீட்டுக்குள் மீன் வரக்கூடாது. மீன் பிடிக்கிறவர் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று வாரம் வியாபாரத்துக்குப் போகவில்லை. அப்பா கடலுக்குப் போய் வந்தாலும் அந்த வாடையோடு வீட்டுக்குள் நுழையக்கூடாதென்று கரையில் வலை வைக்கும் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். அம்மா பகலெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் வீசிக்கொண்டே இருந்தாள். கை வலித்தால் கை மாற்றிக்கொள்வாள், வீசுவதை நிறுத்த மாட்டாள். இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ். டாக்டர் என்ற பேச்சே கிடையாது. ஆத்தா வீட்டில் இருக்கும்போது ஊசி மருந்து என்று போனால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தெருவில் அம்மை கண்ட மற்றவர்களுக்கு மூன்றாவது தண்ணீரோடு ஆத்தா இறங்கிவிட்டாள். எனக்குக் காய்ச்சல் மட்டும் இறங்கியது. கட்டிகள் உடைந்து, சீழ் வடிந்து, உடைந்த இடமெல்லாம் குழி விழுந்தது. குழிக்குப் பக்கத்திலேயே புதுக் கட்டி வந்தது. இடது கன்னம் அதிகம் வாங்கிக்கொண்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மைத் தழும்பு என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. யாரும் கேலி பேச மாட்டார்கள். ஆத்தா தொட்ட முகத்தைப் பழித்தால் வாய் அழுகிவிடும் என்று பயம். ஆபீசில் சேர்ந்த பிறகும் யாராவது உற்றுப் பார்த்தால், “சின்ன வயசுல அம்மை போட்டதுங்க” என்பேன். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டினேன்.

அந்த வார்த்தையைப் பிடுங்கியது விமலா சிஸ்டர். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். பிரசவக் கணக்கைக் கொடுக்க மாதாமாதம் எங்கள் ஆபீசுக்கு வருவார். சுனாமி வந்து இரண்டு வருஷம் முடிந்திருந்தது. நாங்கள் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டில் இருந்தோம். ஒருநாள் காகிதத்தை நீட்டியவர் கையை எடுக்காமல் என் தாடையையே பார்த்தார்.

“சுமதி, இது புதுசா வந்திருக்கே?”

“அம்மை போட்டதிலேர்ந்து அப்பப்ப வரும் சிஸ்டர்.”

“அம்மை அப்பப்ப வருமா? ஆபீஸ்ல இருக்குற புள்ள பேசுற பேச்சா இது? புதுச்சேரிக்குப் போ. பெரிய ஆஸ்பத்திரியில தோல் டாக்டர்கிட்ட காட்டு. நான் சொன்னேன்னு இல்ல, ஒனக்காகப் போ.”

அம்மாவும் கூட வந்தாள். விடியற்காலையில் காரைக்காலில் பஸ் ஏறினால் வெளிநோயாளிச் சீட்டுக் கொடுக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். தோல் பிரிவின் காத்திருப்புக் கூடம் மற்றப் பிரிவுகள் மாதிரி இல்லை. முனகல், இருமல் எதுவும் கேட்காது. எல்லோரும் எதையோ மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கைமேல் துண்டு, ஒரு பெண் கழுத்தைச் சுற்றி முந்தானை, ஒரு பையன் நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை. நான் இடது கன்னத்தில் கையை ஊன்றி, ஏதோ யோசிக்கிறவள்போல உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் யாரோ கூப்பிடக் காத்திருந்தோம், கூப்பிட்டால் மூடியதைத் திறக்க வேண்டுமே என்று பயந்துகொண்டும் இருந்தோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“எட்டு வருஷங்க. ஆத்தா வந்து போட்ட முத்துங்க. மொறையா மூணு தண்ணி ஊத்தினோம். ஒரு கொறையும் வைக்கலீங்க.”

டாக்டர் விளக்கை இழுத்து என் கன்னத்தைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அம்மா, இது அம்மைத் தழும்பு இல்லீங்க. தாடையில பாருங்க, புதுசா ரெண்டு. முதுகுல நாலு. அம்மை வந்தா வந்துட்டுப் போயிடும். எட்டு வருஷமா வந்துக்கிட்டே இருக்காது. இது பரு. ரொம்ப ஆழமா வர்ற வகை. சிலருக்குக் காய்ச்சலோட வீங்கும்.”

“பருவுங்களா?” என்றாள் அம்மா. என் தாடையை மறுபடியும் பார்த்தாள். பிறகு, “அப்ப... அன்னிக்கே கூட்டியாந்திருந்தா?”

டாக்டர் தயங்கினார். பொய் சொல்லிப் பழகாதவர் என்று நினைக்கிறேன். “இவ்வளவு ஆழமா விழுந்திருக்காதும்மா” என்றார்.

அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோடு போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் ஒரு சீட்டின் பின்புறத்தில் பேனாவால் படம் போட்டார். தழும்பு எல்லாம் ஒரே மாதிரி இல்லையாம். எனக்கு அது கடற்கரை மணலாகத்தான் புரிந்தது. சில குழிகள் நண்டு வளை மாதிரி, வாய் சின்னது, ஆழம் அதிகம். சில, கால் பதிந்த தடம் மாதிரி அகலமாக, ஓரம் செங்குத்தாக இருக்கும். மூன்றாவது வகையில் தோலுக்கு அடியில் நார் பிடித்துக் கீழே இழுப்பதால் மேலே அலை அலையாகத் தெரியும். இது போக, குழியாகாமல் மேடாகத் தடித்துப் போகிற தழும்பும் உண்டு. என் தோளில் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாத் தழும்புக்கும் ஒரே களிம்பு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள் என்றார். நான் ஏற்கெனவே வாங்கி, பீரோவில் ஒரு தட்டு நிறைய வைத்திருந்தேன்.

“பழையபடி ஆயிடுமாங்க?” என்று சுவரோரத்திலிருந்து அம்மா கேட்டாள்.

“தழும்ப அழிக்க முடியாதும்மா. கொறைக்கலாம். பாதி கொறைஞ்சா அது நல்ல பலன்னுதான் நாங்க சொல்லுவோம். அதுக்கே ரெண்டு வருஷம் ஆகும்.”

“மீதிப் பாதி?”

“அது இருக்கும்.”

அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. டாக்டர், பரு வருவதற்கு முன் எடுத்த போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தவை எல்லாம் தகரப் பெட்டியோடு சுனாமியில் போய்விட்டன. ஆகவே ‘பழையபடி’ என்றால் எப்படி என்பதற்கு என் அம்மாவின் ஞாபகத்தைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. பிறப்புக்கும் இறப்புக்கும் அத்தாட்சி எழுதிக் கொடுக்கிறவளுக்கு இந்தக் கதி.

திரும்பி வரும்போது அம்மா ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சண்டை பிடித்தாள். “வராதவ, வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? மூணு வாரம் ஒனக்குன்னு நெனச்சு விசிறினேனே!” பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான்தான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

முதல் வேலை, வருகிற பருவை நிறுத்துவது. அது நிற்காமல் தழும்பைத் தொடக்கூடாது. அதற்கு ஒரு மாத்திரை, ஐசோட்ரெட்டினோயின் என்று பெயர். தோலில் எண்ணெய் சுரக்கும் பைகளைச் சுருக்கிவிடும். உதடு வெடிக்கும், கண் உலரும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரித்தால் குழந்தைக்குப் பெரிய ஊனம் வந்துவிடும் என்பதால் அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

“கல்யாணம் ஆவாத புள்ளகிட்ட கேக்குற கேள்வியா இது?”

“எல்லார்கிட்டயும் கேக்கணும்மா. மருந்து அப்படிப்பட்டது” என்றார் டாக்டர், சிரிக்காமல்.

நீங்களும் இதை மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து இது. ஏழு மாதம் சாப்பிட்டேன். உதட்டில் எப்போதும் வாசலின், பாளம் பாளமாக வெடிப்பு. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு ஒருநாள் காலையில் தாடையைத் தடவிப் பார்த்தேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் புதிதாக ஒன்றும் இல்லை. மறுபடியும் தடவிப் பார்த்தேன். அன்றைக்குக் காரணமே சொல்லாமல் ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மாத்திரையை நிறுத்தினதும் உடனே தழும்பைத் தொட மாட்டோம், தோல் தேறட்டும் என்று அரை வருஷத்துக்கு மேல் காத்திருக்க வைத்தார்கள். பிறகு ஊசியின் முறை. தோலை மரக்கச் செய்துவிட்டு, கூரான ஊசியைத் தோலுக்கு அடியில் படுக்கவைத்தபடி நுழைத்து, கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுப்பார்கள். வலி தெரியாது. ஆனால் கருக் கருக்கென்ற சத்தம் காதுக்குள் கேட்கும். முகம் பத்து நாள் நீலம் பாரித்துக் கிடக்கும். நண்டு வளைக் குழிகளுக்கு அமிலம். பல்குத்தும் குச்சியைக் கூராக்கி, அமிலத்தில் தொட்டு, குழிக்குள் மட்டும் ஒற்றுவார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் குழி சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். மிளகாய் பட்ட எரிச்சல். பிறகு பொருக்குத் தட்டி, ஒரு வாரத்தில் உதிரும். உள்ளேயிருந்து புதுச் சதை கொஞ்சம் மேலே வரும். கொஞ்சம்தான். அதனால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தோளில் தடித்திருந்த இரண்டையும் ஊசி மருந்து போட்டே அமுக்கிவிட்டார்கள்.

இயந்திரத்தால் தோலைச் சுரண்டி எடுக்கிற வைத்தியமும் உண்டு, நம் நிறத்துக்குக் கறுத்துவிடும் என்று டாக்டர் வேண்டாமென்றார். கறுப்பதைப் பற்றி அவர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். வெயில் படக்கூடாது, துளிகூட. வெயிலுக்கு ஒரு கிரீம் கொடுத்தார். பூசினால் முகம் சாம்பல் பூத்துவிடும். ஆபீஸ் பியூன் முருகேசன், “என்னக்கா, கோலம் போட்டுட்டு மாவக் கழுவாம வந்துட்டீங்களா?” என்பான். அப்பா ஒருநாள் காரைக்கால் கடைத்தெருவிலிருந்து ஒரு குடை வாங்கி வந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார். அதை விரித்தால் படகுக்கே கூரை போடலாம். என் முகத்தைப் பற்றி அவர் என்னோடு பேசியது அந்தக் குடை மட்டும்தான்.

குடை, கிரீம், முந்தானை எல்லாம் இருந்தும் இரண்டாம் தடவை அமிலம் வைத்துவிட்டு வந்த பிறகு இடது கன்னம் கறுத்தது. வலது கன்னம் நன்றாக ஆறிக்கொண்டிருக்க, இடது மட்டும் தீய்ந்த தோசை நிறத்துக்கு வந்தது. மூன்றாம் தடவை போனபோது டாக்டர் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பஸ்ல எந்தப் பக்கம் உக்காருவீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எடப்பக்கம். ஜன்னல்கிட்ட. ஊர்லேர்ந்து தெக்கால காரைக்காலுக்கு.”

“ஆபீசுக்குப் போகையில தெக்கப் பாத்துப் போவீங்க. காலை வெயில் எடப்பக்கம். திரும்பி வரையில வடக்கப் பாத்து வருவீங்க. சாயங்கால வெயிலும் எடப்பக்கம். அந்தக் கன்னத்த மட்டும் ரெண்டு வேளையும் வெயில்ல வாட்டியிருக்கீங்க சுமதி.”

இத்தனை வருஷமாக மறைப்பதாக நினைத்துக்கொண்டு சூரியனுக்குக் காட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கறுப்பு குறையும்வரை அடுத்த வைத்தியம் நான்கு மாதம் தள்ளிப்போனது. அம்மா செய்த தப்பு பாசத்தில் செய்தது. என்னுடையது வெட்கத்தில் செய்தது. அம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

இனிமேல் ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலை விட்டுத் தள்ளி உள்பக்கம்தான் உட்கார வேண்டும். அதாவது, ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு ஒரு சாண் தூரத்தில் என் இடது கன்னம். முதல் நாள் ஜன்னலோரம் ஒரு நடுத்தர வயது அம்மாள் இருந்தார். கோட்டுச்சேரி தாண்டியதிலிருந்து என்னையே பார்த்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அம்மை என்று சொல்ல இனி வாய் வராது. பரு என்று இருபத்தெட்டு வயதில் எப்படிச் சொல்வது? அவர் கடைசியில் வாயைத் திறந்தார்.

“ஏம்மா, கோவிச்சுக்காத. இந்தக் கம்மல் எங்க எடுத்தது?”

நான் சிரித்த சிரிப்பில் முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் எல்லோரும் கம்மலைத்தான் பார்த்தார்கள் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். மறுநாளே ஒரு கல்லூரிப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வேறு இடம் போனாள். அன்றைக்கு ஆபீஸ் கழிவறையில் அழுதேன். அதற்கு மறுநாளும் உள்பக்கம்தான் உட்கார்ந்தேன், வேறு வழியில்லை. மாதம் இரண்டு போவதற்குள் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதே எனக்கு ஞாபகம் இருப்பதில்லை.

மிக ஆழமான ஆறு குழிகள் அமிலத்துக்கு மசியவில்லை. அவற்றைச் சின்ன வட்டக் கத்தியால் குழியோடு வெட்டி எடுத்துவிட்டுத் தையல் போடலாம் என்றார்கள். குழி போய் ஒரு மெல்லிய கோடு நிற்கும். ஊர் தூரம் என்பதால் தையல் பிரிக்கும்வரை ஐந்து நாள் வார்டிலேயே இருக்கச் சொன்னார்கள். என்னுடைய ஆஸ்பத்திரி நாட்கள் என்றால் அந்த ஐந்துதான்.

பக்கத்துப் படுக்கையில் ஜெயா அக்கா. சொரியாசிஸ் என்று உடம்பெல்லாம் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய். ஐந்தாவது தடவையாக வந்திருப்பதால் வார்டே அவர் வீடு மாதிரி. நர்ஸுகளை அவர்தான் அதட்டுவார். என் கட்டைப் பார்த்துவிட்டு முதல் நாளே சொன்னார்: “ஒனக்குக் குழி, எனக்கு மேடு. ரெண்டு பேரையும் சேத்து இழைச்சா ரெண்டு நல்ல பொம்பள கெடைக்கும்.” தையல் பிரிந்துவிடும், சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெயா அக்கா பக்கத்தில் அது நடக்கிற காரியமா?

அவரிடம்தான் கேட்டேன். “ஒங்களுக்கு இது முழுசா சரியாவாதுன்னு தெரியும்ல. எப்படிக்கா இவ்வளவு தைரியமா இருக்கீங்க?”

“தைரியமா? போடி. வீட்ல பூரா அழுதுட்டுத்தான் வருவேன். ஆனா போன தடவ வந்தப்ப கைய மடக்க முடியல. இப்ப எம்பேத்திக்குச் சட போட்டுவுடுறேன். அதுக்குத்தான் வரேன். பளிங்கு மாதிரி ஆவுறதுக்கா வரேன்?”

அம்மா ஐந்து நாளும் கூடவே இருந்தாள், படுக்கைக்குக் கீழே பாய் போட்டு. வெளியே கடையில் இட்லி வாங்கி வந்து, வாயை அதிகம் திறக்கக்கூடாதென்று சின்னச் சின்னதாகப் பிட்டுச் சட்னியில் நனைத்து ஊட்டினாள். மத்தியானம் புழுக்கத்தில் மின்விசிறி நின்றுவிட்டால் ஒரு பழைய காலண்டர் அட்டையால் வீசுவாள். கண்ணை மூடிக் கிடந்தால் எனக்கு வேப்பிலை வாசனை வருகிற மாதிரியே இருக்கும். ஆனால் பேச்சு மட்டும் ஒன்றுதான். “இந்தத் தடவ முழுசாப் போயிடும் பாரு.” ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் கட்டுப் பிரித்ததும் அவள் முகம் விழும். நான் முன்பைவிட நன்றாக இருக்கிறதே என்று பார்ப்பேன், அவள் இன்னும் இருக்கிறதே என்று பார்ப்பாள்.

தையல் ஆறி மூன்று மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. முதன்முதலில் வந்தபோது எடுத்த போட்டோவையும், அதே வெளிச்சத்தில் அன்று எடுத்ததையும் டாக்டர் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் கன்னமெல்லாம் நிழல் விழுந்த குழிகள். இரண்டாவதில் கன்னம் தெரிந்தது. குழிகள் இருந்தன, கோடுகள் இருந்தன, ஆனால் முதலில் கண்ணுக்குப் படுவது கன்னம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

“பாதிக்கு மேலயே கொறைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு தடவ அமிலம் வைக்கலாம், ஆனா இனிமே கெடைக்கிற பலன் ரொம்பக் கம்மி. நிறுத்திக்கலாம்னு நினைக்கிறேன்” என்றார் டாக்டர்.

அம்மா மடியிலிருந்து நான்காக மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சென்னையில் ஏதோ லேசர் கிளினிக். ‘தழும்புகள் முழுமையாக மறையும்’ என்று கொட்டை எழுத்து. எவ்வளவு நாளாக அதை மடியில் வைத்திருந்தாளோ, மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

“இங்க போனா முழுசாப் போயிடுமாங்க? என் தோடு இருக்கு. கழட்டிடுறேன்.”

டாக்டர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “லேசர் நல்ல வைத்தியம்தாம்மா. இன்னும் கொஞ்சம் கொறைக்கலாம். ஆனா முழுசான்னு எழுதியிருக்கு பாருங்க, அது பொய். எந்த மெஷினுக்கும் அது முடியாது. கறுத்துப் போற ஆபத்தும் இருக்கு.”

“எனக்குப் போதும்மா” என்றேன்.

“ஒனக்குப் போதும்” என்றாள் அம்மா. “எனக்குப் போதாது புள்ள. கண்ணெதிர்ல வச்சுக்கிட்டு மூணு வாரம் விசிறிக்கிட்டே ஒக்காந்திருந்தேனே. அந்த மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?”

இரண்டு வருஷமாக அவள் யாருக்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் எதிரில் என்றுகூடப் பார்க்காமல் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

“மீன் வாடை படக்கூடாதுன்னு அப்பாவ கரையில படுக்க வச்ச. கை மாத்தி மாத்தி விசிறின. எனக்கு அதெல்லாம் மறக்கலம்மா. முழுசா அழிக்கணும்னா அதையும் சேத்துல்ல அழிக்கணும்? வேணாம். இருந்துட்டுப் போவட்டும்.”

அம்மா கையை உருவிக்கொள்ளவில்லை. டாக்டர் என் சீட்டில் எதையோ எழுதுவதுபோல நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அம்மா அந்தப் பத்திரிகைத் துண்டைக் கிழிக்கவில்லை, மறுபடியும் மடியில் செருகினாள். பஸ் நிலையத்தில் பஜ்ஜி வாங்கினாள். மடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் பிரித்து, பஜ்ஜியை அதில் வைத்துத்தான் என்னிடம் நீட்டினாள்.

காரைக்கால் பஸ்ஸில் அம்மா முதலில் ஏறி, வழக்கம்போல இடப்பக்க ஜன்னலோரத்தில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். சாயங்கால வெயில் அந்தப் பக்கம் அடிக்காது, உட்கார்ந்திருக்கலாம்தான்.

“நீ ஜன்னல்கிட்ட போ. ஒனக்குத்தான் காத்து வேணும்” என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து போன பஸ்களில் எல்லாம் அவள் என் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஊரிடம் மறைத்ததை அவளிடமும் மறைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ் கிளம்பி, காற்று வந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. திரும்பி என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா அப்படிப் பாக்குற?”

“அப்படியே ஒங்கப்பா கன்னம் புள்ள ஒனக்கு” என்றாள் அம்மா. “இத்தன நாளு எனக்குத் தெரியவே இல்ல பாரு.”

கடலூர் வரும்வரை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.